இது என் கல் இல்லை

அந்த வைரக்கடையை அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தினார்கள். கடைத்தெருவில் அண்ணனுக்கு ‘வெள்ளைக்காரர்’ என்று பெயர், தங்கைக்குக் ‘கலர்க்காரி’ என்று பெயர். அண்ணன் வெள்ளை வைரத்தைத் தவிர வேறெதையும் கல்லென்றே ஒத்துக்கொள்ளமாட்டார். தங்கைக்கோ மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக நிறமுள்ள வைரத்தைக் கண்டால்தான் கை பரபரக்கும். பட்டப்பெயரில் அண்ணனுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அவளுக்கு அதெல்லாம் கிடையாது. யாராவது முதுகுக்குப் பின்னால் ‘கலர்க்காரி’ என்று சொல்வது காதில் விழுந்தால், திரும்பி நின்று என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளை வைரத் தொழிலில் நிறம் என்பது நோய் மாதிரி. எவ்வளவு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி விலையைக் குறைப்பதுதான் தரம் பார்ப்பவரின் வேலை. அதற்காகக் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்தால் பளபளப்பு கண்ணை ஏமாற்றிவிடும், முதுகைப் பார்த்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மஞ்சள் அகப்பட்டுவிடும். அண்ணனுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போனது. கையில் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் முதலில் அதைக் குப்புறப் படுக்கவைப்பார்.

நிறக் கல்லுக்கு இது ஆகாது. அதை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அங்கே கணக்கே வேறு. மஞ்சள் ஏற ஏற விலை இறங்கிக்கொண்டே வரும், ஓர் எல்லையைத் தாண்டியதும் அதே மஞ்சளே விலையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். இதைத் தங்கை எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டாள். “அழுக்கு கொஞ்சமா இருந்தா குத்தம், நிறைய இருந்தா ராஜாவா?” என்று அண்ணன் சிரித்து மழுப்பிவிடுவார். வாக்குவாதம் அதோடு முடியும். கடையில் பாதி அலமாரி அவருக்கு, பாதி அவளுக்கு. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

கடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. அங்கே உட்கார்ந்து கல் பதிப்பதும், பற்றவைப்பதும், தேய்ந்ததைச் சரிசெய்வதும் அவளுடைய கணவனின் வேலை. அண்ணனுக்கு மாப்பிள்ளை. பேச்சு குறைவு, கை சுத்தம். கை சுத்தம் என்பதை எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவன் பதித்த கல் ஆடாது, அவன் மேசையில் ஒரு பொட்டுத் தங்கம் காணாமல் போகாது. அந்த ஒரு பெயர்தான் அவனுக்குச் சொத்து. அதற்குத்தான் ஆபத்து வந்தது.

தங்கை கல் வாங்க வெளியூர் போயிருந்த வாரத்தில் ஒரு தையற்காரம்மா கடைக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் தையற்கடை நடத்திவிட்டு இப்போதுதான் மெஷினை மூடிவைத்தவர். கப்பலில் வேலை பார்த்த கணவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்து போட்டுவிட்ட மோதிரம், அவர் விரலை விட்டு இறங்கியதே இல்லை. இப்போது விரல் வீங்கிவிட்டது, மோதிரம் இறுக்குகிறது. சோப்பு நுரை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உருவி எடுத்து, வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொன்னார். கல் பத்திரம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணன் வழக்கப்படி மோதிரத்தைக் குப்புறக் கவிழ்த்தார். லென்ஸ் வழியாகப் பார்த்தார். ஏதோ கலங்கலான கல், நம் சரக்கில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டினார். ரசீதில் ‘கல் வைத்த மோதிரம்’ என்று எழுதிக் கொடுத்தார். என்ன நிறக் கல் என்று அவர் எழுதவுமில்லை, பார்க்கவுமில்லை. சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான். அண்ணன் அதை வாங்கி டப்பியில் போட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தையற்காரம்மா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனவர், வாரங்கள் கழித்துத்தான் மோதிரத்தை வாங்க வந்தார்.

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். அண்ணன் டப்பியைத் திறந்து நீட்டினார். தையற்காரம்மா கையை நீட்டவில்லை.

“இது என் கல் இல்லை” என்றார்.

சத்தம் போடவில்லை. ஆனால் துணிக்கடை, தையற்கடை என்று வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. தன் கல் பாசிப்பச்சை, இது மஞ்சள் என்றார். நூல் வாங்கப் போனால் ஒரே பச்சையில் பத்து வித்தியாசம் சொல்லக்கூடிய தனக்கா பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது என்று கேட்டார். குரல் கேட்டுத் தங்கை உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்ப்பதற்குள், அண்ணன் பதறிப்போய் டப்பியை மூடிவிட்டார். ஒரு கணம் அவள் கண்ணில் பட்டது மஞ்சள்தான். பழுப்பும் ஏதோ ஒரு தயக்கமும் கலந்த மஞ்சள். மறுபடி பார்க்கவேண்டும் என்று தோன்றுவதற்குள், டப்பி காகித உறைக்குள் போய், உறை ஒட்டப்பட்டு, ஒட்டின இடத்தில் அண்ணனும் தையற்காரம்மாவும் கையெழுத்துப் போட்டு, மறுபடி இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. விவகாரம் தீரும்வரை யார் கையும் அதில் படக்கூடாது என்றார் அண்ணன். அவரைப் பொறுத்தவரை அது நேர்மையான ஏற்பாடு. உண்மையிலேயே நேர்மையானதுதான். அந்த நேர்மைதான் எல்லோரையும் குழியில் தள்ளிக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் பட்டறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

“மாப்பிள்ளை, மேசைக்கடியில ஒருதடவை தேடிப் பாருங்களேன். கல்லு ஏதாவது கை தவறி மாறியிருக்கும்” என்றார்.

கை தவறி என்ற வார்த்தையை அவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டார். ஆனால் பதித்த கல்லைக் கழற்றாமல் அது மாறாது, கழற்றுவது கை தவறி நடக்கிற காரியமில்லை. இது பட்டறையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? அவன் பற்றவைக்கிற கேஸை அணைத்தான். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். சட்டைமேல் கட்டியிருந்த தோல் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கேட்டவர்களுக்கு அண்ணன் முதுகுவலி என்று சொல்லிவைத்தார். கடைத்தெருவில் முதுகுவலியை யாரும் நம்பவில்லை.

தங்கைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணனிடம் நேராகவே கேட்டாள். அவர் மென்று முழுங்கினார். தான் யார்மேலும் பழி போடவில்லை என்றார். தன்னுடைய வெள்ளைக் கற்களில் நல்லதாக ஒன்றை எடுத்து, அந்த அம்மாவுக்குக் கொடுத்து, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றார். ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அரைமனதாகத்தான் என்றாலும் அந்த அம்மா சரி என்றுவிட்டார், வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். அந்த மஞ்சள் கல்லை ஏதாவது ஒரு மூலையில் போட்டுவிடலாம்.

“நாம கல்லு குடுத்தா, மாத்தினது உண்மைன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆகும்ண்ணே.”

“குடுக்கலேன்னா கடை பேர் கெட்டுப்போகும்.”

“குடுத்தா அவர் பேர் கெட்டுப்போகும். கடைக்கு நீ இருக்க, நான் இருக்கேன். அவருக்கு அந்தப் பேரை விட்டா என்ன இருக்கு?”

 பதில் இல்லாதபோது அண்ணன் மேசையில் இருக்கும் எதையாவது நேராக்கிவைப்பார். அன்று தராசை நேராக்கிவைத்தார்.

அவள் வீட்டுக்குப் போனபோது கணவன் சமையலறைக் குழாயைப் பிரித்துப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது ஒழுகவில்லை. கை சும்மா இருக்க முடியாததால் பிரித்திருந்தான். அதற்கு முந்தின நாள் மின்விசிறி, அதற்கு முந்தின நாள் கடிகாரம். இந்த ரீதியில் போனால் வீட்டில் கதவைத்தான் கழற்ற வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மோதிரம் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து என்ன நடந்தது என்று கேட்டாள். கல் என்ன நிறத்தில் வந்தது, எங்கே வைத்தீர்கள், எப்போது பற்றவைத்தீர்கள், திருப்பிக் கொடுக்கும்போது என்ன நிறம்? ஒன்று விடவில்லை.

அவன் திருகாணியைக் கீழே வைத்தான்.

“நீயும் என்னை விசாரிக்கிறியா?”

“விசாரிக்கிறேன். நீங்க எடுக்கலேன்னு எனக்குத் தெரியும். ஆனா பொண்டாட்டி சொல்றதை எவன் கேப்பான்? கல்லு சொல்லணும். அதுக்குத்தான் கேக்கறேன். சொல்லுங்க.”

 அவன் சொன்னான். வரும்போது பச்சைதான். தையற்காரம்மா சொன்னது உண்மை. திருப்பிக் கொடுத்தபோதும் பச்சைதான், அது சத்தியம். இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். எதையோ தொண்டையில் அடக்கிக்கொள்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது? வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேசாதவனைப் பேசவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

“நடுவுல ஒண்ணு நடந்துச்சு” என்றான் கடைசியில். “பத்தவைக்கும்போது கல்லுலயும் சூடு ஏறிச்சு. பாத்துக்கிட்டே இருக்கேன், பச்சை போய் மஞ்சளா நிக்குது. கல்லைக் கெடுத்துட்டோம்னு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. தீயைத் தள்ளிவச்சேன். ஆறினதும் பழையபடி பச்சையா ஆயிடுச்சு. அப்போ என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“ஏன் சொல்லலை?”

“கல்லு பதிக்கிறவன் எனக்குக் கண்ணு சரியில்லைன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?”

இத்தனை நாளும் அவன் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான். சந்தேகம் ஒரு பக்கம், கண் போய்விட்டதோ என்ற பயம் இன்னொரு பக்கம்.  அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குழாய் எண்ணெய் அவள் புடவையெல்லாம் அப்பியது.

அந்தக் கல்லுக்கு வியாபாரத்தில் பச்சோந்தி என்று பெயர் என்றாள். நிறக் கற்களிலேயே அபூர்வமான ஒரு ஜாதி. வெளிச்சத்தில் இருக்கும்வரை பச்சை. சூடு பட்டால் மஞ்சள். நாள்கணக்கில் இருட்டில் அடைத்துவைத்தாலும் மஞ்சள். ஆறவிட்டால், வெளிச்சம் காட்டினால், மறுபடி பச்சைக்கு வந்துவிடும். அந்த அம்மா விரலை விட்டுக் கழற்றியதே இல்லை, அதனால் ஓர் இரவுக்குமேல் கல் இருட்டைப் பார்த்ததே இல்லை. அண்ணன் அதை வாரக்கணக்கில் இரும்புப் பெட்டிக்குள் போட்டுவைத்தார், மஞ்சளாக எழுந்து வந்தது. மஞ்சளைப் பார்த்துப் பதறி உடனே மறுபடி இருட்டுக்குள் பூட்டினார். அது எப்படிப் பச்சையாகும்?

“நீ பாத்திருக்கியா?” என்று கேட்டான் கணவன்.

அவள் ஒருமுறை கல் சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். மாறுவதைப் பார்த்ததில்லை, கேட்டதும் படித்ததும்தான். இதையும் மறைக்காமல் சொன்னாள். ஆனாலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தீயில் மஞ்சளாகி ஆறினதும் பச்சையாகிற வைரம் உலகத்தில் வேறு இல்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் கடைக்கு வரவேண்டும் என்று ஒரே போடாகப் போட்டாள். முடியாது என்றான். வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கதை கேட்பதுபோலக் கேட்டார். வைரமாவது, நிறம் மாறுவதாவது. புருஷனைக் காப்பாற்றத் தங்கை எங்கிருந்தோ ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவர் பரிதாபப்பட்டது முகத்திலேயே தெரிந்தது. உறையைத் திறந்து ஜன்னலோரம் வைத்துப் பார்க்கலாம் என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒட்டியதை ஒருவர் இல்லாமல் எப்படித் திறப்பது என்றார். அது நியாயமான பேச்சு. சரி, அந்த அம்மாவை வைத்துக்கொண்டே திறப்போம் என்றுவிட்டாள். முன்கூட்டி ஒத்திகை பார்க்க வழியில்லை. அதற்காக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தையற்காரம்மா வந்தார். அண்ணன் கடையின் உள்ளறையில் தன் வெள்ளைக் கல்லைக் கருப்பு வெல்வெட்டில் வைத்துத் தயாராக இருந்தார். உண்மையிலேயே நல்ல கல். கொடுக்க மனம் வராமல் ராத்திரியெல்லாம் புரண்டிருப்பார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாப்பிள்ளை பட்டறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றான். தையற்காரம்மா அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, அந்த வெள்ளைக் கல்லை வாங்கிக்கறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கிற நேரம் எனக்குக் குடுங்க” என்றாள் தங்கை. “உறையைப் பிரிச்சு மோதிரத்தை அந்த ஜன்னல்ல வைப்போம். யாரும் தொட வேண்டாம். நீங்க பாத்துக்கிட்டே இருங்க.”

தையற்காரம்மாவுக்கு அவளுடைய நிமிர்ந்த பேச்சு பிடித்திருக்க வேண்டும். சரி என்றார். தன் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பாசிப்பச்சை. தன் கல் என்ன நிறம் என்று கடைக்காரர்களுக்குப் புரியவைக்க, ஞாபகத்தை வைத்தே தேடி எடுத்து வந்திருந்தார்.

உறை பிரிந்தது. டப்பி திறந்தது. மஞ்சள். அன்றைக்குப் பார்த்த அதே மஞ்சள். தையற்காரம்மா உதட்டைப் பிதுக்கினார். தங்கை மோதிரத்தை ஒரு வெள்ளைத் தட்டில், கல்லின் முகம் மேலே பார்க்க நிறுத்தி, ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வெயில் நேராக விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல். பக்கத்தில் நூல்கண்டையும் வைத்தாள். டீ வந்தது.

 கல் மஞ்சளாகவே இருந்தது. தையற்காரம்மா பாதி டீயைக் குடித்துவிட்டார். கல் மஞ்சளாகவே இருந்தது. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விலை உயர்ந்த சாமான் திறந்து கிடந்தால் மூடிவைக்கிற கை அவருடையது. அவரை அறியாமலே எழுந்துபோய் டப்பி மூடியை எடுத்தார்.

“அண்ணே, கையை எடு” என்றாள் தங்கை. “நீ மூடி மூடித்தான் இவ்வளவும் வந்துச்சு.”

அவர் கையை எடுத்தார்.  சில பச்சோந்திகள் சீக்கிரம் திரும்பும், சில மணிக்கணக்கில் சண்டித்தனம் பண்ணும் என்று தங்கை படித்திருந்தாள். இது எந்த ஜாதியோ. ஆனால் திரும்பும். திரும்பாமல் எங்கே போகும்? அவள் வாசலில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் கல்லைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் கண்டுபிடித்தவர் தையற்காரம்மாதான். டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போனார். குனிந்தார். நூல்கண்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கல்லின் நடுவில் மஞ்சள் கலைய ஆரம்பித்திருந்தது. எந்த நிமிடத்தில் மாறுகிறது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போது மாறுவதே தெரியவில்லை. ஒருமுறை தலையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் முன்பைவிடப் பச்சை. இன்னொருமுறை பார்த்தால் இன்னும் பச்சை. கடைசியில் தட்டில் நூலும் கல்லும் ஒரே நிறமாக இருந்தன.

“இது என் கல்லுதான்” என்றார் தையற்காரம்மா. குரல் உடைந்துவிட்டது.

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். பச்சோந்தி என்ற பெயரைக் கேட்டதும் அந்த அம்மா அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டார். மெஷினை மூடிவைக்கும்வரை கட்சி மாறுகிறவர்களுக்கெல்லாம் கொடி தைத்துக் கொடுத்தேன், பச்சோந்திகளை எனக்குத் தெரியாதா, இத்தனை நாளும் ஒன்றை விரலிலேயே சுமந்திருக்கிறேனே என்றார்.

அண்ணன் மட்டும் இன்னும் தெளியவில்லை. அவர் கண்ணெதிரே ஒரு வைரம் நிறம் மாறியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க நிறத்தைக் குற்றமாகவே பார்த்தவருக்கு, நிலையாக நிற்கக்கூட முடியாத நிறம் எவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றும்? அந்த அம்மாவுக்காக மெய்யாகவே இரக்கப்பட்டு, வெல்வெட்டில் இருந்த வெள்ளைக் கல்லை அவர் பக்கம் நகர்த்தினார். கல் உங்களுடையதுதான், ஆனால் இப்படிப்பட்ட கல், நாளைக்கு யார் மதிப்பார்கள், நான் கொடுத்த வாக்கு வாக்குதான், இதை எடுத்துக்கொண்டு அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

தங்கை நினைத்திருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளுடைய அலமாரிக்கு இப்படியொரு கல் இனி ஆயுசுக்கும் கிடைக்காது. கணவன் பேரும் தேறிவிட்டது, கல்லும் கடையில் தங்கும், கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் கல்லின் மதிப்பு தெரிந்தவள் அதைச் சொல்லாமல் இருந்தால், அவள் கற்ற வித்தைக்குத் திருட்டு என்றல்லவா பெயர்? அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

“அம்மா, அதை வாங்காதீங்க. என் அண்ணன் தெரியாம சொல்றாரு. அந்த மாதிரி வெள்ளைக் கல்லு இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் இருக்கு. உங்க கல்லு மாதிரி ஒண்ணு இந்தத் தெருவுலயே கிடையாது. மாறுதே, அதுதான் அதோட மதிப்பு. இதை யாருக்கும் அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்க, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அண்ணன் தன் வெள்ளைக் கல்லைப் பார்த்தார். தையற்காரம்மா அதை ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளிவிட்டார். தன் மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது வீங்கிய விரலில் வழுக்கிக்கொண்டு போய், இறுக்காமல், ஆடாமல், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அப்போதுதான் அவருக்குப் பட்டறை வாசலில் நிற்பவனின் நினைவு வந்திருக்க வேண்டும்.

வெளியே கடையில் வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தையற்காரம்மா நேராக அங்கே போய் நடுவில் நின்றார்.

“போன தடவை இங்க நின்னு கல்லை மாத்திட்டாங்கன்னு நான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லை” என்றார் அதே குரலில். பிறகு உள்ளே வந்து அவன் எதிரில் நின்று, “மன்னிச்சுக்கோப்பா” என்றார். அவன் பதறிக் கும்பிட்டான். அவர் போய்விட்டார்.

பட்டறையில் மூவரும் நின்றார்கள். அண்ணனுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, நிறைய வேலை சேர்ந்துபோச்சு, அப்புறம் என்ன, உட்காருங்க என்றார். ஒன்றுமே நடக்காததுபோல மேசைமேல் கிடந்த இடுக்கியை நேராக்கிவைத்தார்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. தங்கையும் விடவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த அம்மா சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. நீயும் எடுத்துக்கோண்ணே.”

“நான் என்ன சொன்னேன்? நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே.”

“சொல்லலை. அதனாலதான் திருப்பி எடுக்க முடியாம நிக்கிற. முதல்ல அதைச் சொல்லு.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் நேராக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை. தங்கையைப் பார்த்தார், இறங்கிவரமாட்டாள் என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

“தெரியும் மச்சான்” என்றான் அவன். “அடுத்ததைச் சொல்லுங்க.”

“என் தப்பு.”

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.